அவிஞ்ஞோனுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென் பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் உள்ள அவிஞ்ஞோன் நகருக்குப் புறப்படும் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். ஒரு செய்தியை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொண்டால் பல குழப்பங்கள் தீர்ந்துவிடும்: இந்த நகரம் 1791 வரை பிரான்சு நாட்டைச் சேர்ந்ததே அல்ல. பாலத்தைப் பற்றிக் கேட்டாலும் துணியைப் பற்றிக் கேட்டாலும் விடை கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது.

பாரிசிலிருந்து எப்படிப் போவது? விமானமா, ரயிலா?

ரயிலே போதும். பாரிசின் கார் தெ லியோன் நிலையத்திலிருந்து டி.ஜி.வி. அதிவேக ரயிலில் சுமார் 2 மணி 40 நிமிடத்தில் அவிஞ்ஞோனை அடையலாம். பாரிசின் ஷார்ல் தெ கோல் விமான நிலையத்துக்குள்ளேயே டி.ஜி.வி. நிலையம் இருப்பதால், இந்தியாவிலிருந்து வந்து இறங்குவோர் பாரிஸ் நகருக்குள் நுழையாமல் நேராகத் தெற்கே வரவும் வழி உண்டு. விமானம் தாமதமானால் தவறவிட்ட ரயிலுக்குப் பணம் திரும்புவது கடினம் ஆகையால், இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விட்டுப் பயணச்சீட்டு எடுக்கவும்.

அவிஞ்ஞோனில் இரண்டு ரயில் நிலையங்கள் காட்டுகிறதே, எதில் இறங்குவது?

டி.ஜி.வி. ரயில்கள் பெரும்பாலும் நிற்பது 2001இல் திறக்கப்பட்ட, ஊருக்குச் சற்று வெளியே உள்ள புதிய நிலையத்தில். பழைய நிலையமான அவிஞ்ஞோன் சாந்த்ரு, கோட்டைச்சுவருக்கு நேர் எதிரே இருக்கிறது. சாலையைக் கடந்தால் நகருக்குள் நுழைந்துவிடலாம். இரண்டு நிலையங்களுக்கும் இடையே உள்ளூர் ரயில் ஓடுகிறது, பயணம் சுமார் ஐந்து நிமிடந்தான். பெட்டிகளுடன் வாடகைக் காருக்கு நிற்பதற்கு முன் அந்த ரயில் எப்போது என்று பலகையில் பார்த்துவிடுங்கள். ஆர்ல், நீம் போன்ற பக்கத்து ஊர்களுக்கான ரயில்கள் பழைய நிலையத்திலிருந்து புறப்படுகின்றன.

விசாவுக்குத் தனியாக ஏதாவது வேண்டுமா?

தனியாக ஒன்றும் இல்லை. பிரான்சு ஷெங்கன் நாடு. சுற்றுலா விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

மே, ஜூன் முற்பகுதி, செப்டம்பர் ஆகியவை என் தேர்வு. ஜூலையும் ஆகஸ்டும் கடும் வெயில் மாதங்கள். வெப்பம் 35 பாகையைத் தாண்டும் நாள்கள் உண்டு. நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது பெரிதா என்று கேட்பவர்கள், அங்கே பழைய கட்டடங்களில் உள்ள விடுதி அறைகள் பலவற்றில் ஏ.சி. இருக்காது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஜூலை மாதத்துக்கு நாடக விழாவும் சேர்ந்துகொள்கிறது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

வெயிலைவிடக் கவனிக்க வேண்டியது காற்று. ரோன் பள்ளத்தாக்கின் வழியாக வடக்கிலிருந்து வீசும் மிஸ்த்ரால் என்ற வறண்ட காற்று, ஆண்டின் எந்தப் பருவத்திலும் வரலாம். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடுவதும் உண்டு. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், வெயிலும் அடிக்கும், ஆனால் பாலத்தின் மேல் நின்றால் காது விறைத்துப்போகும். காற்று வீசினால் அவிஞ்ஞோன் தொல்லை, வீசாவிட்டால் நஞ்சு என்று லத்தீனில் ஒரு பழமொழியே இருக்கிறது. சாக்கடையும் கொசுவும் நிறைந்திருந்த பழங்காலத்தில் நோயை விரட்டியது அந்தக் காற்றுதான் என்பது ஊராரின் நம்பிக்கை. கோடையிலும் காற்றைத் தடுக்கும் மேற்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

கோட்டைச்சுவருக்குள் இருக்கும் நகரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்து கடந்துவிடலாம். ஆகவே போப்புகள் வாழ்ந்த அரண்மனை, பாதியில் நிற்கும் பழைய பாலம், குன்றின் மேலுள்ள பூங்கா ஆகிய மூன்றை மட்டும் பார்க்க ஒரு நாள் போதும். சாயக்காரர் தெரு, ஓர் அருங்காட்சியகம், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள வில்நவ் ஆகியவற்றையும் சேர்த்தால் இரண்டு நாள். சுற்றுவட்டார ஊர்களுக்கும் போவதென்றால் நான்கு நாள் தங்கலாம்.

போப் இருப்பது ரோமில்தானே? இங்கே எதற்கு அவருக்கு அரண்மனை?

1305இல் போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தாம் கிளமெண்ட் ஒரு பிரெஞ்சுக்காரர். அவருக்குச் சில ஆண்டுகள் முன் போப் பதவியில் இருந்த எட்டாம் போனிஃபேசுக்கும் பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப்புக்கும் மூண்ட பகை அடங்கியிருக்கவில்லை. ரோமிலோ பிரபுக் குடும்பங்களின் சண்டை ஓயவில்லை. லியோனில் முடிசூடிய கிளமெண்ட் ரோமுக்குப் போகவே இல்லை. 1309இல் அவிஞ்ஞோனுக்கு வந்து, டொமினிக்கன் துறவியர் மடத்தில் விருந்தினர்போலத் தங்கினார். அவிஞ்ஞோனைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருந்தது: நகரைச் சுற்றியிருந்த வெனேசான் நிலப்பகுதி 1274 முதலே திருச்சபையின் சொத்து, நகரமோ, நேப்பிள்சை ஆண்ட புரோவான்சுப் பிரபுவின் கையில் இருந்தது. பிரெஞ்சு மன்னரின் எல்லை ஆற்றுக்கு அக்கரையில் முடிந்தது. மன்னருக்கு அருகில் இருக்கலாம், ஆனால் அவர் மண்ணில் இருக்க வேண்டியதில்லை.

தற்காலிகமாக வந்தது கிட்டத்தட்ட எழுபது ஆண்டாக நீண்டது. பன்னிரண்டாம் பெனடிக்ட் 1335இல் அரண்மனை கட்டத் தொடங்கினார். அவருக்கு அடுத்து வந்த ஆறாம் கிளமெண்ட் அதை இரு மடங்காகப் பெருக்கினார். அதோடு நிற்காமல் 1348இல் நேப்பிள்ஸ் அரசி ஜொவான்னாவிடமிருந்து நகரத்தையே 80,000 பொற்காசுகளுக்கு விலைக்கு வாங்கிவிட்டார். பதினொன்றாம் கிரகோரி 1376இல் புறப்பட்டு 1377 ஜனவரியில் ரோமுக்குத் திரும்பினார். நகரத்தின் உரிமை மட்டும் திருச்சபையிடமே தங்கிவிட்டது. இடையிடையே பிரெஞ்சு மன்னர்கள் சிறிது காலம் கைப்பற்றி வைத்திருந்ததைத் தவிர்த்தால், பிரெஞ்சுப் புரட்சியின்போது இணைத்துக்கொள்ளப்படும் வரை அவிஞ்ஞோன் போப்பின் நகரமாகவே இருந்தது.

அரண்மனைக்குள் வெறும் சுவர்தான் இருக்கிறது என்கிறார்களே, டிக்கெட் வாங்கி உள்ளே போவது வீணா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். சிம்மாசனமும் தங்கக் கட்டிலும் இருக்கும் என்று எதிர்பார்த்து உள்ளே போகிறவர்கள், சுமார் 15,000 சதுர மீட்டர் பரப்பில் பெரும்பாலும் காலியான கூடங்களைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்துடன் வெளியே வருகிறார்கள். காலியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. புரட்சியின்போது அரண்மனை சூறையாடப்பட்டது, சிறையாக இருந்தது. பிறகு 1906 வரை படைவீரர் குடியிருப்பாக இருந்தது. கூடங்களுக்கு நடுவே தளம் போட்டு மாடியாக்கி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். புனித யோவான் சிற்றாலயத்தில் மத்தேயோ ஜொவனெத்தி என்ற இத்தாலிய ஓவியர் தீட்டிய சுவரோவியங்களில் சில உருவங்களுக்குத் தலை இருக்காது. வீரர்கள் அந்தப் பூச்சைக் கத்தியால் பெயர்த்தெடுத்துச் சேகரிப்பாளர்களுக்கு விற்றுவிட்டார்கள். வெட்டின விளிம்புகளை இன்றும் தெளிவாகக் காணலாம்.

ஆகவே எதைப் பார்ப்பது என்று தெரிந்து உள்ளே போனால் டிக்கெட் வீணல்ல. நுழைவுக் கட்டணத்துடன் தரப்படும் கைக்கணினியை அறைக்கு அறை உயர்த்திப் பிடித்தால் 14ஆம் நூற்றாண்டில் அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று திரையில் காட்டும். குழந்தைகளுக்கு அது விளையாட்டு. ஆனால் திரையையே பார்த்துக்கொண்டு உண்மையானதைத் தவறவிட்டுவிடும் பெரியவர்களே அதிகம். போப்பின் படுக்கையறைக்குள் வந்ததும் கருவியைக் கீழே இறக்கிவிடுங்கள். ஆழ்ந்த நீலச் சுவர் முழுவதும் திராட்சைக் கொடியும் கருவாலிக் கொடியும் சுருண்டு படர்ந்திருக்கும். அவற்றுக்கிடையில் பறவைகளும் அணில்களும் ஒளிந்திருக்கும். சன்னல் குழிவின் பக்கச்சுவர்களை எட்டிப் பாருங்கள்: அங்கே பறவைக் கூண்டுகள் வரையப்பட்டிருக்கின்றன.

அதை அடுத்திருப்பது ஆறாம் கிளமெண்டின் படிப்பறை. மான் அறை என்று அதற்குப் பெயர். 1343இல் வரையப்பட்ட அதன் சுவர்களில் புனிதர்கள் எவரும் இல்லை. அடர்ந்த காட்டில் வல்லூறு ஏந்திய வேட்டைக்காரர்கள், கனி பறிப்பவர்கள், ஒரு மீன்குளம், அதைச் சுற்றி வலையும் தூண்டிலுமாக நிற்கும் ஆட்கள். ஒரு மதத்தலைவர் தமக்கே தமக்கென்று என்ன வரைந்துகொண்டார் என்று பார்ப்பதற்காகவேனும் உள்ளே போகலாம் என்பேன். பெருவிருந்து நடந்த 48 மீட்டர் நீளக் கூடத்தையும், கூரை முழுவதும் ஒரே புகைபோக்கியாகக் குவிந்து எழும் சமையலறையையும் விட்டுவிடாதீர்கள். கூட்டத்தைத் தவிர்க்கக் காலையில் கதவு திறந்ததும் நுழைவது நல்லது.

சில வழிகாட்டிகள் ஏழு போப் என்கிறார்கள், சிலர் ஒன்பது என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரிதான். 1309 முதல் 1377 வரை முறைப்படி ஆண்டவர்கள் ஏழு பேர். மேலே சொன்ன பதினொன்றாம் கிரகோரி 1378இல் ரோமில் இறந்ததும் அங்கே ஆறாம் அர்பன் தேர்ந்தெடுக்கப்பட்டார். சில மாதங்களுக்குள் அந்தத் தேர்தல் செல்லாது என்று அறிவித்த கர்தினால்கள் (போப்பைத் தேர்ந்தெடுக்கும் திருச்சபைத் தலைவர்கள்) ஏழாம் கிளமெண்ட் என்ற பெயரில் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர் அவிஞ்ஞோனுக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின் பதின்மூன்றாம் பெனடிக்ட். இந்த இருவரையும் கத்தோலிக்கத் திருச்சபை போப்பாக ஏற்பதில்லை. எதிர்ப் போப் என்றே குறிக்கும். ஆனால் இருவரும் இதே அரண்மனையில் வாழ்ந்தவர்கள் என்பதால் ஊர்க்கணக்கு ஒன்பது ஆகிறது. பெனடிக்ட் 1398 முதல் அரண்மனைக்குள்ளேயே முற்றுகையிடப்பட்டிருந்து, 1403இல் தப்பி வெளியேறினார். ஐரோப்பாவைப் பிளந்த இந்தச் சச்சரவு 1417இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தில்தான் முடிவுக்கு வந்தது.

பாலம் பாதியில் நிற்கிறதாமே? அதன்மேல் ஏறப் பணம் வேறா?

ஆம், இரண்டுமே உண்மை. பெனெசே என்ற ஆட்டிடையச் சிறுவனுக்கு இறைவனின் கட்டளை கிடைத்ததாகச் சொல்லும் கதையோடு 1177இல் தொடங்கிய பாலம், முழுமையாக இருந்த காலத்தில் 22 வளைவுகளும் ஏறத்தாழ 900 மீட்டர் நீளமும் கொண்டிருந்தது. 1226இல் எட்டாம் லூயி மன்னர் நகரை முற்றுகையிட்டபோது சிதைக்கப்பட்டது, மீண்டும் கட்டினார்கள், ரோன் ஆற்று வெள்ளம் மறுபடி மறுபடி வளைவுகளை இழுத்துக்கொண்டு போயிற்று. 17ஆம் நூற்றாண்டில் பழுதுபார்ப்பதையே விட்டுவிட்டார்கள். இப்போது மிஞ்சியவை நான்கு வளைவுகள், அவற்றின் மேல் ஒரு சிற்றாலயம். பாலத்தின் இந்த முனை போப்பின் நிலம், மறுமுனை பிரெஞ்சு மன்னரின் நிலம்; அக்கரையில் மன்னர் கட்டிய காவற்கோபுரம் இன்றும் இந்தப் பக்கத்தையே முறைத்துக்கொண்டு நிற்கிறது.

அரண்மனைக்கும் பாலத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு. அப்படி வாங்கினால் ஏறிப் பார்க்கலாம். பாலத்துக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து, ஏனென்றால் பாலத்தின் மேல் நின்றால் பாலம் தெரியாது. எதிரே உள்ள பார்த்தெலாஸ் தீவின் கரையிலிருந்து, குறிப்பாக மாலை வெயிலில், பாலமும் அரண்மனையும் மதிலும் ஒருங்கே தெரியும். அதற்குக் கட்டணம் இல்லை.

கோட்டைச்சுவர் புதிதாகக் கட்டினதுபோல இருக்கிறதே?

சுமார் 4.3 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் 14ஆம் நூற்றாண்டினது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரின் இடைவெளிகளில் கூலியில்லாமல் திரிந்த படைக்கூட்டங்கள் நகரை மிரட்டியதால் ஆறாம் இன்னொசென்ட் அதை எழுப்பத் தொடங்கினார். 19ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலைஞர் வியோலே-லெ-துக் அதன் ஒரு பகுதியைப் புதுப்பித்தபோது சேர்த்த நேர்த்திதான் நீங்கள் பார்ப்பது.

அம்மா அப்பாவுக்கு முழங்கால் வலி. அவர்களை அழைத்துப் போகலாமா?

நகரத்துக்கு அழைத்துப் போகலாம். அரண்மனைக்குள் யோசித்து அழைத்துப் போகவும். குறுகிய கற்படிகள் ஏராளம், நடுவில் உட்காரவும் அதிக இடம் இல்லை. அரண்மனைக்கு முன்னுள்ள சதுக்கமும் தெருக்களும் உருளைக்கற்கள் பதித்தவை என்பதால் அடிப்பகுதி தடித்த செருப்பு அவசியம். பெரியவர்களுக்கு ஏற்ற இடம், பேராலயத்தை ஒட்டி மேலே போகும் ரோஷே தெ தோம் குன்றுப் பூங்கா. சரிவான பாதையில் மெதுவாக ஏறிவிட்டால் நிழல், நீர்க்குளம், இருக்கைகள் எல்லாம் உண்டு. தெளிந்த நாளில் மோன் வாந்து மலையின் வெளுத்த உச்சி தெரியும்.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் பெயரை நம்பி வாங்கக்கூடாது. கறுப்பு ஆலிவ் துவையலான தப்பெனாதில் பெரும்பாலும் நெத்திலி வகை மீன் அரைத்துச் சேர்த்திருப்பார்கள். ஃபுகாஸ் ரொட்டியில் பன்றிக்கறித் துண்டுகள் கலந்திருக்கலாம். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடிச்சாறு எலும்பில் எடுத்ததா என்று கேட்க வேண்டும். "சான் வியாந்த், சான் புவாசோன்" என்றால் இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று பொருள், சொன்னால் புரிந்துகொள்வார்கள். காய்கறிக் கூட்டான ரத்ததூய், அடுக்கிச் சுட்ட காய்கறித் தியான் ஆகியவை பொதுவாகப் பாதுகாப்பானவை. பாலாடைக்கட்டிகளில் பல கன்றின் வயிற்றுச் சுரப்பால் உறைய வைக்கப்பட்டவை என்பதையும் கண்டிப்பானவர்கள் கவனிக்கவும்.

சமைக்கும் வசதியுள்ள அறை எடுத்தால் பியெ சதுக்கத்தில் உள்ள லெ ஆல் சந்தை பெரிய துணை. கட்டடத்தின் முகப்பே செடிகள் வளரும் சுவர்தான். உள்ளே தக்காளி, கத்தரி, பூண்டு, பழங்கள், பத்துப் பன்னிரண்டு வகை ஆலிவ். திங்கள்கிழமை விடுமுறை, மற்ற நாள்களிலும் பிற்பகலில் கடைகளைக் கட்டிவிடுவார்கள். உணவகங்களும் பகல் இரண்டு மணிக்கு மேல் சமையலறையை மூடிவிடும் என்பதால், மூன்று மணிக்குப் பசியோடு அலையும் நிலைக்கு ஆளாகாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: ஊரின் சிறப்பு இனிப்பான இளஞ்சிவப்புப் பப்பலீன் சாக்லெட்டுக்குள் மூலிகை மது நிரப்பியிருக்கும். குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு திகைப்பவர்கள் உண்டு.

ஜூலை விழாவுக்குப் போக ஆசை. பிரெஞ்சு தெரியாமல் என்ன புரியும்?

1947இல் நாடக இயக்குநர் ழான் விலார் தொடங்கிய விழா இது. அரண்மனையின் பெரிய முற்றத்திலேயே மேடை. இருட்டியபின் இரவு பத்து மணியளவில் ஆரம்பிக்கும். நடனமும் பிறமொழி நாடகங்களும் இடம்பெறுவதால் பிரெஞ்சு தெரியாதவர்களுக்கும் தேர்ந்தெடுக்க இருக்கிறது. எழுத்துத்திரையில் ஆங்கிலம் ஓடும் நிகழ்ச்சி எது என்று அட்டவணையில் பார்த்துச் சீட்டு எடுக்கவும். இதோடு ஓஃப் என்ற இணை விழாவும் அதே நாள்களில் நடக்கிறது. பள்ளிக்கூடம், தேவாலயம், கொட்டகை என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாடகங்கள். நடிகர்கள் வேடத்தோடு தெருவில் வந்து துண்டறிக்கை நீட்டி அழைப்பதே தனிக் காட்சி.

நமக்கு இந்த விழாவில் ஒரு தொடர்பு உண்டு. பீட்டர் புரூக் இயக்கிய மகாபாரத நாடகம் 1985இல் இந்த விழாவில்தான் முதன்முதலாக அரங்கேறியது. அவிஞ்ஞோனுக்குத் தெற்கே உள்ள பூல்போன் கற்சுரங்கத்தில், சுமார் ஒன்பது மணி நேரம். திரௌபதியாக நடித்தவர் மல்லிகா சாராபாய். சில இரவுகளில் நம் ஊர்ப் பாரதக் கூத்தைப் போலவே விடிய விடிய நடந்திருக்கிறது. ஜூலையில் தங்கப் போவதாக இருந்தால் பல மாதம் முன்னதாகவே அறை பிடியுங்கள். நாடகத்தில் ஆர்வம் இல்லாதவர்கள் அந்த மாதத்தைத் தவிர்ப்பதே நல்லது.

கடைகளில் பூப்போட்ட துணியை இந்தியத் துணி என்கிறார்களே, அது நம் நாட்டிலிருந்து போனதா?

இன்று விற்பது அங்கே அச்சிட்ட வடிவங்கள். மூலம் நம் கரையில்தான். சோழமண்டலக் கடற்கரையிலும் குசராத்திலும் சாயம் ஏற்றப்பட்ட பருத்தித் துணிகள் 17ஆம் நூற்றாண்டில் மார்செய் துறைமுகம் வழியாக வந்து குவிந்தன. தம் நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் முறையிட்டதால் பிரெஞ்சு அரசு 1686இல் அவற்றின் இறக்குமதியையும் உள்நாட்டில் அச்சிடுவதையும் தடைசெய்தது. 1759 வரை தடை நீடித்தது. மன்னரின் சட்டம் போப்பின் நகரத்தில் செல்லாது அல்லவா? அச்சுத் தொழிலாளர்கள் அவிஞ்ஞோனுக்கு வந்து தொழில் நடத்தினார்கள். 1734இல் போப்பும் பிரெஞ்சு அரசும் செய்த உடன்படிக்கை இங்கும் அதை நிறுத்தியது. சாயம் துவைத்தால் போகாமல் நிற்கும் இரகசியத்தை அறிய ஐரோப்பியர் எவ்வளவு ஏங்கினார்கள் என்றால், தென்னிந்தியாவில் பணியாற்றிய ஏசு சபைத் துறவி கேர்து 1742இல் அந்த முறையை விரிவாகக் கடிதமாகவே எழுதி அனுப்பினார்.

சாயக்காரர் தெருவுக்கு இந்தப் பின்னணியோடு போங்கள். தெருவை ஒட்டியே சோர்க் வாய்க்கால் ஓடுகிறது. ஆலைகளை இயக்கிய மரச்சக்கரங்களில் நான்கு இன்னும் பாசி படிந்து நிற்கின்றன. துணி வாங்குவதென்றால் விளிம்பில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள்; தெருச்சந்தையில் கிடைக்கும் மலிவான மேசைவிரிப்புகளில் பல பருத்தியே அல்ல.

லாவண்டர் வயலையும் ரோமானிய நீர்ப்பாலத்தையும் கார் இல்லாமல் பார்க்க முடியுமா?

நீர்ப்பாலமான போன் துய் காருக்கு அவிஞ்ஞோனிலிருந்து பேருந்து போகிறது; ஏறக்குறைய 49 மீட்டர் உயரத்தில் மூன்றடுக்காக நிற்கும் அதைப் பார்க்க அரை நாள் ஒதுக்கலாம். லாவண்டர் கடினம். பூக்கும் காலம் ஏறத்தாழ ஜூன் நடுப்பகுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரைதான். வயல்கள் அவிஞ்ஞோனை ஒட்டி இல்லை, கோர்து அருகிலுள்ள செனான்க் மடம் போன்ற இடங்களில் இருக்கின்றன. குழுச் சுற்றுலா வண்டியில் ஒரு நாள் போய்வருவதே எளிது. ஆகஸ்டில் போய் ஊதா வயலைத் தேடினால் அறுத்த அடித்தாள்தான் மிஞ்சியிருக்கும்.

சொந்தமாகக் கார் எடுத்து வருகிறவர்கள் அதை மதிலுக்கு வெளியே நிறுத்திவிடுவது நலம். உள்ளே தெருக்கள் ஒருவழி, குறுகல், பல இடங்களில் கம்பம் எழும்பி மறித்துவிடும்.

யூதர்களுக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு? ஜெருசலேம் சதுக்கம் என்று ஒன்று இருக்கிறதே?

பிரெஞ்சு மன்னர்கள் யூதர்களை 1306இலும் 1394இலும் நாடுகடத்தினார்கள். போப்பின் நிலம் பிரான்சு அல்ல என்பதால் அவர்கள் இங்கே தங்க முடிந்தது. 1348இல் பெருங்கொள்ளைநோய்க்கு யூதர்களே காரணம் என்ற பழி பரவியபோது ஆறாம் கிளமெண்ட் அதை மறுத்து ஆணை பிறப்பித்தார். அதற்காக அவர்கள் சமமாக நடத்தப்பட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது; இரவில் வாயில் பூட்டப்படும் ஒரே தெருவுக்குள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள், மஞ்சள் நிறத் தொப்பி அணிய வேண்டியிருந்தது. அந்தத் தெரு இருந்த இடமே ஜெருசலேம் சதுக்கம். இப்போதுள்ள வட்டவடிவத் தொழுகைக்கூடம் 19ஆம் நூற்றாண்டுத் தீ விபத்துக்குப்பின் கட்டப்பட்டது. பழையதைப் பார்க்க விரும்புவோர், 1367இல் தோன்றிய தொழுகைக்கூடம் உள்ள கார்ப்பாந்த்ரா ஊருக்குப் போகலாம்.

ஆர்ல், நீம், அவிஞ்ஞோன் மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

ரோமானியக் கட்டடங்கள்தான் நோக்கம் என்றால் அவிஞ்ஞோன் வேண்டாம். இங்கே அவை கண்ணில் படுவது மிகக் குறைவு. நீம் நகரில் முழுமையாக நிற்கும் கோயிலும் வட்டரங்கும் உண்டு. ஆர்லில் வட்டரங்கும், ஓவியர் வான்கோ ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து வரைந்த தெருக்களும் உண்டு. இடைக்கால வரலாற்றில் ஆர்வம் இருந்தால் அவிஞ்ஞோனுக்கு ஈடில்லை. மூன்று இரவு கையில் இருந்தால் அவிஞ்ஞோனில் பழைய ரயில் நிலையத்துக்கு அருகே அறை எடுத்துத் தங்கி, மற்ற இரண்டுக்கும் ஊருக்கொரு நாள் ரயிலில் போய்வாருங்கள். ஆர்லுக்கு இருபது நிமிடம், நீமுக்கு அரை மணியளவில் ஆகும்.